பிரபு வீட்டுப் பெண்ணும் பியானோ வாத்தியாரும்: கல்யாணம் மட்டும் ஏன் கூடிவரவில்லை?

கேள்வி இதுதான்: "இசையமைப்பாளர்கள் பீத்தோவன், லிஸ்ட், நாவலாசிரியர் பால்சாக் என்று அந்தக் காலத்து ஐரோப்பியக் கலைஞர் யாருடைய வாழ்க்கையைப் புரட்டினாலும் ஒரு சீமாட்டியோ இளவரசியோ வந்துவிடுகிறார். ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், உருகி உருகிக் கடிதம் எழுதுகிறார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லாம் முறிந்துபோகிறது. அந்தஸ்துதான் காரணமா?"

ஆமாம், அந்தஸ்துதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால், பெண்ணின் அப்பா மாடிப்படியில் நின்று "வெளியே போ" என்று கத்துகிற சினிமாக் காட்சிதான் மனதில் வரும். நிஜத்தில் இந்தக் கதைகள் பலவற்றில் அப்பா எப்போதோ இறந்துபோயிருப்பார். பெண் பதினெட்டு வயசுக் குமரியாகவும் இருக்கமாட்டார். விதவையாக இருப்பார், இல்லாவிட்டால் வேறொருவரின் மனைவியாக இருப்பார். பிள்ளைகள் இருக்கும், நிலம் இருக்கும். அவர் கையைக் கட்டிப்போட்டது காகிதம். பிள்ளைகளுக்கு யார் கார்டியன், எஸ்டேட் யார் பேரில், யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்கிற சமாச்சாரங்கள். இந்தக் காதல்களை எப்போதும் கலைஞனின் பக்கத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. பெண்ணின் பக்கம் போய் நின்று பார்த்தால் படும்.

அதற்கு முன்னால், இவர்கள் சந்தித்துக்கொண்டதே எப்படி என்று பார்த்துவிடலாம். 1761இல் இசையமைப்பாளர் ஹைடன் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அரண்மனைச் சீருடை, வெள்ளைக் காலுறை, தலையில் பவுடர், தினமும் காலையும் மதியமும் முன்னறையில் வந்து நின்று "இன்று இசை உண்டா?" என்று கேட்டுப்போக வேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இருபது வருஷம் கழித்து, 1781இல் மோட்சார்ட் வியன்னாவிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தான் வேலைபார்த்த பேராயர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேராயரின் அந்தரங்கப் பணியாட்கள் தலைமாட்டில் உட்கார, தனக்குச் சமையல்காரர்களுக்கு மேலே உட்காரும் பாக்கியமாவது கிடைத்திருக்கிறது என்று பொருமுகிறார். அந்தப் பந்தி வரிசையில் இருப்பவனுக்குப் பிரபுவின் மகளோடு பேச்சுவார்த்தை ஏது?

அதை மாற்றியது பியானோ. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆனபிறகு, வாத்தியார் வீட்டுக்குள் வர ஆரம்பித்தார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, உறவுக்காரன் அல்லாத ஓர் ஆணின் பக்கத்தில் ஒரே பெஞ்சில் மணிக்கணக்காக உட்காரலாம், அவன் அவள் விரலைப் பிடித்துத் திருத்தலாம், அம்மா மூலையில் பின்னல் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று இருந்த இடம் அது ஒன்றுதான். இன்னொன்று சலோன். முடிவெட்டுகிற சலூன் இல்லை; ஒரு சீமாட்டி வாரத்தில் ஒருநாள் தன் வரவேற்பறையைத் திறந்துவைத்து, எழுத்தாளரையும் அமைச்சரையும் பாடகரையும் ஒன்றாக உட்காரவைப்பது.

பீத்தோவன் கதை இந்தப் பியானோ பெஞ்சில்தான் தொடங்குகிறது. 1799 மே மாதம் ஹங்கேரியிலிருந்து ப்ருன்ஸ்விக் சீமாட்டி தன் மகள்கள் தெரேசாவையும் ஜோசஃபீனையும் வியன்னாவுக்கு அழைத்துவந்தார். பீத்தோவன் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குத் தினமும் வந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கென்று வந்தவர், பன்னிரண்டு மணியிலிருந்து நாலு, அஞ்சு மணிவரை எழுந்து போகமாட்டார் என்று தெரேசா பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் அம்மா வியன்னாவுக்கு வந்தது மாப்பிள்ளை தேடி. சில வாரங்களிலேயே இருபது வயது ஜோசஃபீனை, அவரைவிட இருபத்தைந்து வயதுக்கு மேல் மூத்த டெய்ம் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அந்த மனிதர் வேடிக்கையானவர். இளவயதில் ஒரு சண்டை விவகாரத்தில் ஊரைவிட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, மெழுகுச் சிலைகள் செய்து வியன்னாவில் காட்சிக்கூடம் நடத்தியவர்.

1804 ஜனவரியில் டெய்ம் இறந்துபோனார். கையில் மூன்று குழந்தைகள், வயிற்றில் ஒன்று. பீத்தோவன் திரும்பவும் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார். அதற்கப்புறம் அவர் ஜோசஃபீனுக்கு எழுதிய கடிதங்களில் பதின்மூன்று 1957இல் மொத்தமாக அச்சில் வந்தன. அதுவரை இந்தக் காதல் எவ்வளவு ஆழமானது என்று வெளியே தெரியாது. ஜோசஃபீன் எழுதிப்பார்த்த பதில்களின் வரைவுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பாசம் இருக்கிறது, தவிப்பு இருக்கிறது, கூடவே ஒரு திட்டமான மறுப்பும் இருக்கிறது: உங்கள் ஆசைக்கு இணங்கினால் நான் புனிதமான பந்தங்களை முறிக்க வேண்டிவரும் என்கிறார்.

வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை ஒழுக்கத்தின் குரலாகப் படித்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரு தாயின் கணக்காகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்து முறைப்படி கல்யாணம் செய்துகொண்ட பெண் கணவனின் அந்தஸ்துக்குப் போய்விடுவார். பிரபு குடும்பத்து விதவை ஒரு சாமானியனை மணந்தால் அவரும் சாமானியர். அவர் பெற்ற பிள்ளைகள் மட்டும் பிரபுக்களாகவே இருப்பார்கள். பிரபுவின் வாரிசுகளுக்குச் சாமானியப் பெண் கார்டியனாக இருக்க முடியாது. அதாவது, பீத்தோவனுக்குச் சரி என்று சொன்ன மறுநாள், நாலு பிள்ளைகளும் டெய்ம் குடும்பத்து உறவினர் யாரிடமாவது போய்விடும் ஆபத்து. இதைத் தராசில் வைத்துப் பார்த்த ஒரு பெண்ணைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1807 செப்டம்பரில் பீத்தோவன் எழுதுகிற கடிதத்தில், இரண்டு தடவை வீட்டுக்கு வந்தும் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை என்கிறார். வேலைக்காரர்கள் "அம்மா இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

1810இல் ஜோசஃபீன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அமர்த்திய ஷ்டாகல்பெர்க் என்பவரைக் கட்டிக்கொண்டார். அவரும் வாத்தியார்தான். ஆனால் பெயருக்கு முன்னால் பாரன் பட்டம் இருந்தது. அதனால் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை. அந்த மனிதர் பணத்தை எல்லாம் எஸ்டேட் வாங்குகிறேன் என்று கரைத்தார், சண்டை போட்டுப் பிரிந்தார், கடைசியில் தனக்குப் பிறந்த பெண் குழந்தைகளையும் ஜோசஃபீனிடமிருந்து எடுத்துப் போய்விட்டார். எதைக் காப்பாற்ற பீத்தோவனை விட்டாரோ அது பாரன் கையில் போனது. 1821இல், நாற்பத்திரண்டாம் வயதில், ஜோசஃபீன் இறந்தார்.

பீத்தோவன் தன் 'அழியாத காதலி'க்கு, தேதியில் வருஷம் போடாமல் ஜூலை 6, 7 என்று மட்டும் போட்டு எழுதின புகழ்பெற்ற கடிதம் (1812இல் எழுதியது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்) ஜோசஃபீனுக்குத்தானா, இல்லை அவருடைய தோழி அந்தோனி ப்ரெண்டானோவுக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் நான் இறங்கவில்லை. ஆனால் இதே கார்டியன் சட்டம் பீத்தோவனையே திருப்பி அடித்த கதையைச் சொல்லாமல் விடமுடியாது.

தம்பி இறந்தபிறகு, தம்பி மகன் கார்லை யார் வளர்ப்பது என்று பீத்தோவனுக்கும் பையனின் அம்மாவுக்கும் வழக்கு. பிரபுக்களுக்கென்று தனியாக இருந்த நீதிமன்றத்தில் அது நடந்துகொண்டிருந்தது. பெயரில் 'வான்' இருக்கிறதே, ஜெர்மன் 'ஃபான்' மாதிரி அதுவும் பிரபு குலத்துக்கு அடையாளம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பீத்தோவனும் யாரையும் திருத்தவில்லை. 1818 டிசம்பரில் விசாரணையின்போது, பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள் என்ற பேச்சு வந்தபோது, "அவன் மட்டும் பிரபு குலத்தில் பிறந்திருந்தால்..." என்கிற தோரணையில் வாய்தவறி ஏதோ சொல்லிவிட்டார். உடனே பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் நீங்கள் பிரபு இல்லையா? பத்திரம் இருக்கிறதா? டச்சு 'வான்' எந்தக் குலத்தையும் குறிக்காது, வெறும் ஊர்ப்பெயர் ஒட்டு. வழக்கைத் தூக்கிச் சாமானியர்களுக்கான நகர நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வியன்னாவின் பாதிப் பிரபுக்கள் அவருடைய இசைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்தவர்கள்தான்; அந்த அறையில் அது செல்லுபடியாகவில்லை.

பணம் கொடுக்க அவர்கள் தயங்கினார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. 1809இல், பீத்தோவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடப் போகிறார் என்றதும், ருடால்ஃப் இளவரசர் 1,500, லோப்கோவிட்ஸ் 700, கின்ஸ்கி 1,800 என்று மூன்று பேர் சேர்ந்து வருஷத்துக்கு 4,000 ஃப்ளோரின் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். கேட்ட ஒரே நிபந்தனை, ஆஸ்திரிய மண்ணை விட்டுப் போகக்கூடாது என்பதுதான். பணம் கொடுப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். பிரபுக்கள் நடிகைகளையும் பாடகிகளையும் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அது எப்படி நடந்தது? அதே விதிதான், திசை மாறி. மனைவி கணவனின் அந்தஸ்துக்குப் போகிறாள் என்றால், பாடகி சீமாட்டி ஆகலாம். சீமாட்டி பாடகன் மனைவி ஆனால் கீழே இறங்கத்தான் வேண்டும். ஹென்ரியெட்டா சொன்டாக் என்கிற பாடகியைப் பாருங்கள். 1824 மே 7 அன்று வியன்னாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனி முதன்முதலாக அரங்கேறியபோது சோப்ரானோ பாடியவர் அவர்தான். அப்போது பதினெட்டு வயது. பிற்பாடு சார்டீனிய அரசின் தூதரான ரோஸி பிரபுவை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். கணவரின் பதவிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ப்ரஷ்ய மன்னர் அவருக்கே ஒரு குலப்பெயரும் பட்டமும் கொடுத்துப் 'பிறப்பை'ச் சரிசெய்தார். பதிலுக்கு மேடையை விட்டார், 1830இல். தூதரக விருந்துகளில் சீமாட்டியாகச் சிரித்துக்கொண்டு ஏறக்குறைய இருபது வருஷம். 1848 புரட்சிகளில் குடும்பச் சொத்து கரைந்ததும், தொண்டையை நம்பித்தான் திரும்ப மேடை ஏறவேண்டியிருந்தது. 1854இல் மெக்ஸிகோவுக்குப் பாடப்போன இடத்தில் காலராவில் இறந்துபோனார்.

சரி, பாரிஸுக்குப் போவோம். 1831இல் அங்கே வந்து சேர்ந்த போலந்துப் பியானோ கலைஞர் ஷொப்பான், இரண்டு வருஷத்துக்குள் தூதர்கள், இளவரசர்கள், அமைச்சர்கள் நடுவே தான் உட்கார்ந்திருப்பதாகவும், எப்படி அங்கே வந்தோம் என்று தனக்கே தெரியவில்லை என்றும் நண்பருக்கு எழுதுகிறார். அதே கடிதத்திலேயே, இன்று அஞ்சு பாடம் எடுக்கவேண்டும், நான் பெரிய பணக்காரனாகப் போகிறேன் என்று நினைக்காதே, குதிரைவண்டிக்கும் வெள்ளைக் கையுறைக்குமே அதைவிட அதிகம் செலவாகிறது என்கிறார். அந்த வட்டத்தில் புழங்குவதற்கான சீருடை அந்தக் கையுறை. ஹைடனுக்கு அரண்மனையில் தைத்துக் கொடுத்தார்கள். ஷொப்பான் சொந்தக் காசில் வாங்கினார்.

ஒரு பாடத்துக்கு 20 ஃப்ராங்க். அதை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. பாடம் முடிந்ததும் மாணவி எழுந்து கணப்பு மேடைமேல் நாணயத்தை வைப்பார். அந்த நேரத்தில் ஷொப்பான் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். கூலி வாங்குகிற ஆளும் கொடுக்கிற ஆளும் அங்கே இல்லை என்று இருவருமாகச் சேர்ந்து ஆடிய சின்ன நாடகம். இந்த ஒரு காட்சி சொல்வதை ஒரு புத்தகம் முழுக்க எழுதியும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

அவருக்கும் ஒரு நிச்சயதார்த்தம் மாதிரி நடந்து முறிந்தது. மரியா வோஜின்ஸ்கா, போலந்துப் பிரபு குடும்பத்துப் பெண். 1836இல் ஷொப்பான் பெண் கேட்டார். அம்மா சம்மதித்தார், ஆனால் வெளியே சொல்லாதே, உடம்பைப் பார்த்துக்கொள், சீக்கிரம் படு, கம்பளிக் காலுறை போட்டுக்கொள் என்று வரிசையாகப் புத்திமதி. இந்த ஒன்றில் குலத்தைவிட இருமல்தான் பெரிய தடை என்று நினைக்கிறேன். அடுத்த வருஷம் கடிதங்கள் மெதுவாக வற்றிப்போயின. ஷொப்பான் இறந்தபிறகு அந்தக் குடும்பத்துக் கடிதங்கள் ஒரு கட்டாக, நாடாவால் கட்டப்பட்டுக் கிடைத்தன. மேலே போலிஷ் மொழியில் இரண்டு வார்த்தை: 'என் துயரம்'.

பிரான்ஸில் இன்னொரு முடிச்சு இருந்தது. புரட்சிக்காலத்தில் வந்த விவாகரத்து உரிமையை 1816இல் முடியாட்சி திரும்ப வந்ததும் ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி கிடைத்தது 1884இல். நடுவிலே அறுபத்தெட்டு வருஷம், கல்யாணமான எந்தப் பெண்ணும் கணவன் உயிரோடிருக்கும்வரை வேறொருவரைச் சட்டப்படி மணக்க முடியாது. பிரிந்து வாழ நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம், அவ்வளவுதான். ஜார்ஜ் சாண்ட் என்று ஆண்பெயரில் எழுதிய பெண் எழுத்தாளர் அப்படித்தான் 1836இல் கணவரிடமிருந்து பிரிவு வாங்கி, நோஆன் வீட்டைத் தன்வசம் வைத்துக்கொண்டார். ஷொப்பானோடு அவர் சேர்ந்திருந்த காலம் முழுக்கச் சட்டத்தின் கண்ணில் அவர் துத்வாங் பாரனின் மனைவி.

தண்டனையும் ஒரே மாதிரி இல்லை. மனைவி தவறினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம்வரை சிறை. கணவன் காதலியைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால்தான் குற்றம். அதற்கும் அபராதம் மட்டும். 1845 ஜூலையில் விக்டர் ஹ்யூகோவும், பியார் என்ற ஓவியரின் மனைவி லெயோனியும் ஓர் அறையில் போலீஸிடம் பிடிபட்டார்கள். லெயோனி செய்ன்ட் லாஸார் சிறைக்குப் போனார். ஹ்யூகோ வீட்டுக்குப் போனார். ஏனென்றால் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அரசர் அவரைப் பிரபுக்கள் சபை உறுப்பினராக்கியிருந்தார். அந்தச் சபையின் உறுப்பினரை அப்படிக் கைது செய்ய முடியாது. எழுத்தாளன் மேல்தட்டுக்குள் நுழைந்தால் கிடைக்கும் முதல் ஆதாயம் இதுதான் போலிருக்கிறது.

இந்தப் பின்னணியோடு லிஸ்ட்டிடம் வந்தால் கதை வேறு மாதிரி தெரியும். மரி தாகூ சீமாட்டி, கணவரையும் சின்ன மகளையும் பாரிஸில் விட்டுவிட்டு, 1835இல் தன்னைவிட ஆறு வயது இளைய பியானோக்காரரோடு ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். அதே வருஷம் டிசம்பரில் ஜெனீவாவில் முதல் குழந்தை ப்ளாந்தீன் பிறந்தாள். பிறப்புப் பதிவேட்டில் அப்பா, இசை ஆசிரியர் லிஸ்ட். அம்மா? 'கத்ரீன் அதெலைய்த் மெரான், வயது 24, பாரிஸில் பிறந்தவர்'. அப்படி ஒரு பெண்ணே கிடையாது. மரிக்கு அப்போது வயது 24உம் இல்லை, முப்பது ஆகப்போகிறது. பிறந்தது ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில்.

இதை வெட்கத்தால் சொன்ன பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமணமான பெண் பெற்ற குழந்தைக்குக் கணவன்தான் தகப்பன் என்பது சட்டம். பதிவேட்டில் மரி தாகூ என்று எழுதியிருந்தால், குழந்தை அந்த நிமிஷமே தாகூ பிரபுவின் மகள் ஆகியிருக்கும். லிஸ்ட்டுக்கு மகள் வேண்டுமென்றால் மகளுக்கு அம்மா இல்லாமல் போகவேண்டும். அந்தப் பொய்யின் விலையை மரி பிற்பாடு கொடுத்தார். பிரிந்தபிறகு, மூன்று பிள்ளைகளையும் எங்கே வளர்ப்பது என்று லிஸ்ட்தான் முடிவுசெய்தார். தன் அம்மாவிடம் விட்டார், பிறகு வேறு ஆளை வைத்து வளர்த்தார். காகிதத்தில் இல்லாத தாய்க்கு வாதாட இடமேது? இரண்டாவது மகள் கோசிமா பிற்பாடு கணவர் ஹான்ஸ் ஃபான் ப்யூலோவை விட்டு இசையமைப்பாளர் வாக்னரோடு போனபோது அம்மாவின் கதை கொஞ்சம் திரும்ப நடந்தது. அது தனிப் பாட்டு.

லிஸ்ட்டின் இரண்டாவது கதைதான் இந்த வகையிலேயே உச்சம். 1847இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த கீவ் நகரத்தில் கச்சேரி. கரோலின் சைன் விட்கன்ஷ்டைன் இளவரசி, ஏராளமான பண்ணையாட்களோடு பரந்த எஸ்டேட்டுகளின் சொந்தக்காரி, கணவரோடு பேச்சு இல்லை, ஒரே மகள். அடுத்த வருஷமே மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனியின் வைமார் வந்து லிஸ்ட்டோடு தங்கிவிட்டார். பதினேழு வயதில் அப்பா வற்புறுத்திச் செய்த கல்யாணம், அது செல்லாது என்று சர்ச்சில் மனு. மனு பதின்மூன்று வருஷம் நடந்தது. அவரைத் திரும்பி வரச்சொல்லி ரஷ்ய அரசு கெடு வைத்தது, சொத்தை முடக்கியது. கணவர் குடும்பத்துக்குச் சொத்துமேல் கண். மகளுக்கு ஹோஹென்லோஹெ குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தபிறகு அவர்களுக்கு வேறு கவலை: பெற்றோர் கல்யாணம் செல்லாது என்று ஆகிவிட்டால், நம் வீட்டு மருமகளின் பிறப்பு என்ன ஆவது?

ஒருவழியாக எல்லாம் கூடிவந்தது. 1861 அக்டோபர் 22, லிஸ்ட்டின் ஐம்பதாவது பிறந்தநாள், ரோமில் சான் கார்லோ ஆலயம், அலங்காரம்கூட முடிந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி ஆலயத்திலிருந்து ஆள் வந்தது. ஆட்சேபம் வந்திருக்கிறது, நாளைக்குக் கல்யாணம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் என் வாதத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் 1864இல் கரோலினின் கணவர் இறந்துபோனார். தடை என்று ஒன்றும் மிச்சமில்லை. அப்போதும் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை! லிஸ்ட் அடுத்த வருஷம் பாதிரியார்கள் மாதிரி உச்சந்தலை முடியை வட்டமாக மழித்துக்கொண்டு சர்ச்சின் கீழ்நிலைத் துறவு நிலைகளை ஏற்றார். கரோலின் ரோமிலேயே ஓர் அறையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு, சர்ச்சின் பலவீனங்களைப் பற்றி 24 தொகுதிகள் எழுதினார். காகிதத்தோடு அத்தனை வருஷம் சண்டை போட்டதில், எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே இருவருக்கும் தேய்ந்துபோயிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

ஸ்பெயினில் ஓவியர் கோயாவும் ஆல்பா கோமகளும் பற்றிக் கேட்பீர்கள். காகிதம் எதுவும் இல்லாத கதை அது. அதனால்தான் வதந்திக்கு அவ்வளவு இடம். கையில் இருப்பதில் முக்கியமானது ஒரு படம், 1797இல் வரைந்தது. கணவரை இழந்த அடுத்த வருஷம், கறுப்பு உடையில் நிற்கிறார். விரலில் இரண்டு மோதிரம், ஒன்றில் 'ஆல்பா', மற்றதில் 'கோயா'. ஆள்காட்டி விரல் தரையைக் காட்டுகிறது. மணலில் எழுதியிருப்பது 'கோயா மட்டுமே'. அந்த 'மட்டுமே' மேல் வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தது. பிற்பாடு படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் வெளியே வந்தது. கோமகளை வரைந்த அந்தப் படம் கோமகள் வீட்டுக்குப் போகவே இல்லை. 1812இல் கோயா வீட்டுச் சாமான் பட்டியலில் இருக்கிறது. காதலா, கோயாவின் ஆசை மட்டுமா? அந்த 'மட்டுமே'யை எழுதியது கோயாவின் கை என்பதை மறந்துவிடக்கூடாது.

காகிதங்களை எல்லாம் தாண்டிக் கல்யாணம் வரை போனவர் பால்சாக். 1832இல் ஒடெஸாவிலிருந்து 'அந்நியப் பெண்' என்று மட்டும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எவெலினா ஹான்ஸ்கா, உக்ரைன் பகுதியில் பெரும் நிலக்கிழாரின் மனைவி. அடுத்த வருஷம் நூஷாடெல் ஊரில் சந்தித்தார்கள், கணவரும் கூடவே இருந்தார். 1841இல் அவர் இறந்தபோது, இனி என்ன தடை என்று பால்சாக் துள்ளினார். தடை அப்போதுதான் தொடங்கியது. ரஷ்யப் பிரஜையான நிலச் சொந்தக்காரி வெளிநாட்டுக்காரரை மணக்க ஜாரின் அனுமதி வேண்டும்; நிலத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. ஹான்ஸ்கா எஸ்டேட்டை மகள் பேருக்கு எழுதிவைத்தார். பால்சாக்கின் கடன்கள் ஊரறிந்தவை என்பதால் அவர் யோசித்து யோசித்துத்தான் செய்தார் என்றால் யார் குறை சொல்வது? 1850 மார்ச் 14 அன்று பெர்டிச்சிவ் ஊரில் கல்யாணம். பழகத் தொடங்கிப் பதினெட்டு வருஷம்.

பால்சாக் பாரிஸில் ஃபோர்த்யூனே தெருவில் அவருக்காக ஒரு வீட்டை வாங்கிப் பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தார். எங்கெங்கே பூ வைக்கவேண்டும் என்பதுவரை அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மே மாதம் ஒரு ராத்திரி, நீண்ட பயணத்தில் நொந்து, இருவரும் வாசலில் வண்டியை விட்டு இறங்கினார்கள். வீடு முழுக்க விளக்கு எரிகிறது, உள்ளே பூக்கள் தெரிகின்றன. கதவு பூட்டியிருக்கிறது. தட்டித் தட்டிப் பார்த்தும் பதில் இல்லை. பூட்டுத் திறக்கிற ஆளை எழுப்பிக் கூட்டிவந்து உள்ளே போனால், வீட்டைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரருக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. பால்சாக் அந்த வீட்டில் வாழ்ந்தது மூன்று மாதம். ஆகஸ்ட் 18 அன்று இறந்தார்.

கடைசியாக ஒன்று. இவர்கள் எல்லோரும் மோதிக்கொண்டு நின்ற சுவரைத் தாங்களே விரும்பி எழுப்பிக்கொண்ட இருவர் உண்டு: ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியும் நதேஷ்டா ஃபான் மெக்கும். நதேஷ்டா, ரயில்வேயில் பெரும் பணம் சேர்த்தவரின் விதவை, பதினொரு பிள்ளைகள். 1876 கடைசியில் கடிதம் தொடங்கியது. பிறகு வருஷத்துக்கு 6,000 ரூபிள் உதவி. ஒரே நிபந்தனை, நேரில் சந்திக்கக்கூடாது. போட்டவர் நதேஷ்டா. சாய்கோவ்ஸ்கிக்கும் அது நிம்மதி; பெண்கள் மேல் நாட்டமில்லாதவர், 1877இல் அவசரத்தில் செய்துகொண்ட கல்யாணம் சில வாரங்களில் நாசமாகியிருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு மேல், 1,200க்கும் அதிகமான கடிதங்கள். ஃப்ளாரன்ஸில் ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்து வில்லாக்களில் தங்கியிருக்கிறார்கள். நதேஷ்டா தினமும் அவர் வீட்டைத் தாண்டி நடப்பார், சாய்கோவ்ஸ்கி உள்ளேயே இருப்பார்.

1879 ஆகஸ்டில் சாய்கோவ்ஸ்கி நதேஷ்டாவின் எஸ்டேட்டில், தனியாக ஒரு சின்ன வீட்டில் தங்கியிருந்தார். எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக நதேஷ்டா சாப்பிடுகிற நேரம் பார்த்து சாய்கோவ்ஸ்கி வண்டியில் காட்டுப்பக்கம் கிளம்புவார். ஒருநாள் நேரக் கணக்கு தப்பிவிட்டது. குறுகலான பாதையில் எதிரே இரண்டு வண்டி. முதல் வண்டியில் நதேஷ்டா. முகத்துக்கு முகம், ஒரு கணம். சாய்கோவ்ஸ்கி தொப்பியைக் கழற்றினார். நதேஷ்டா என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார். ஒரு வார்த்தை பேச்சில்லை. வண்டிகள் விலகிப் போயின.

வீட்டுக்குப் போனதும் சாய்கோவ்ஸ்கி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள், எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை என்று நதேஷ்டா பதில் எழுதினார். அதற்கப்புறமும் நிபந்தனை அப்படியேதான் இருந்தது.